தோல் ஒன்று, சொல் நாலு

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன் சார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஹைட், ஸ்கின் இரண்டுக்கும் அகராதியில் 'தோல்' என்று போட்டிருக்கிறது. ட்ரீட், க்யூர், ஹீல் மூன்றுக்கும் 'குணப்படுத்து'. டவுட், சஸ்பெக்ட் இரண்டுக்கும் 'சந்தேகப்படு'. மியூட்டினி, ரிவோல்ட் இரண்டுக்கும் 'கலகம்'. எம்ப்டி, வேகன்ட் இரண்டுக்கும் 'காலி'. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தாலும் மறுநாளே கலந்துவிடுகிறது. இவற்றை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

பதில்:

தம்பி, முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். சின்ன அகராதிகள் ஒரு சொல்லுக்குப் பொருளாக அதன் பக்கத்து வீட்டுச் சொல்லையே போட்டுவிடும். பக்கத்து வீட்டைத் தேடிப் போனால் பழைய வீட்டு விலாசத்தைக் கொடுக்கும். ஏறக்குறைய ஒரே பொருளில் இரண்டு சொற்கள் பல நூறு வருஷமாக ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன என்றால், அவற்றை மாற்றிப் போட்டால் யாரோ ஒருவருக்குக் கைநஷ்டம் என்று அர்த்தம். அந்த ஆள் யார், அவருக்கு என்ன போகும் என்று பாருங்கள். வேறுபாடு தானாக மனதில் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட ஆட்கள் நம் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டையில் தோல். வேலூரில் ஆஸ்பத்திரியும் கோட்டையும். நீங்கள் கேட்ட சொற்களுக்கெல்லாம் இங்கேயே வேலை இருக்கிறது.

நான் ஆங்கிலப் பேராசிரியர் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியின், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையின், ஏற்றுமதி ஆபீசில் இருபத்தாறு வருஷம் கடிதம் தட்டியவன். இப்போது சாயங்காலத்தில் நாலு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெரும்பகுதி தப்பு செய்து கற்றது. முதல் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து, தோல் வாங்குகிற ஒரு பையர் கடிதம் எழுதியிருந்தார். ஆட்டுத்தோல் வேண்டும், பதனிட்டது. அதை எப்படி க்யூர் செய்கிறீர்கள் என்று ஒரு வரி. அகராதியைப் புரட்டினேன். க்யூர் என்றால் 'குணப்படுத்து, பதப்படுத்து' என்றிருந்தது. பதப்படுத்துவதுதானே நம் தொழில்! ஆட்டுக்கு ஆங்கிலத்தில் கோட், எனவே 'எங்கள் கோட் ஹைட்ஸ் எல்லாவற்றையும் ஆவாரம்பட்டையால் க்யூர் செய்கிறோம்' என்று கம்பீரமாகத் தட்டி, முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'அப்படியானால் எதை வைத்து டேன் செய்கிறீர்கள்? உப்பாலா? தவிர, உங்கள் ஊர் ஆடுகள் மாடு அளவுக்கு வளருமா?'

முதலாளி பாய் சிரிக்கவில்லை. கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "போய் மேஸ்திரிகிட்ட கேட்டுட்டு வா" என்றார்.

மேஸ்திரி பள்ளிக்கூடம் போகாதவர். பச்சைத்தோல் அடுக்கி வைத்திருந்த கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுநடுவே கல்லுப்பு. கீழே சிவப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்தில் ஐந்து நிமிஷம் நின்றவனுக்குச் சொல் மறக்காது. ஓரத்திலிருந்து ஒரு தோலை உருவிக் காட்டினார்.

"இது உப்பு போட்ட தோலு தம்பி. இத தண்ணியில ஊற வச்சா நாளைக்கே திரும்ப பச்சத்தோலு ஆயிடும். அப்டியே உட்டா நாறிப்பூடும். பட்ட ஏறுன தோல எத்தினி வாட்டி தண்ணியில போட்டாலும் அது பழையபடி ஆவாது. அவ்ளோதான் கணக்கு."

உப்பு போட்டு அழுகாமல் நிறுத்தி வைப்பதுதான் தோல் தொழிலில் க்யூர். உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கிருமி வேலை செய்யாது. ஆடு அறுத்த இடத்திலிருந்து டேனரி வந்து சேரும்வரை தாங்க வேண்டும், அதற்குமேல் அதற்கு வேலையில்லை. டேன் என்பது வேறு. ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் மரப்பட்டை போன்றவற்றின் துவர்ப்போ, குரோமிய உப்போ தோலின் நாருக்குள் புகுந்து பிடித்துக்கொள்ள, அது திரும்பிப் போக முடியாதபடி மாறிவிடுகிறது. அதன் பிறகுதான் அதற்கு லெதர் என்று பெயர். குரோமியத்தில் பதனிட்டு ஈரம் காயாமல் இருப்பதை வெட் ப்ளூ என்பார்கள், வெளிர்நீலமாக இருக்கும்.

அந்தப் பையர் கேட்டதற்கும் காரணம் உண்டு. உப்பு சரியாகப் பிடிக்காத தோலில் கறை விழும், மேல்பக்கம் அரித்துப்போகும். அந்தக் குறை, பதனிட்டுச் சாயம் ஏற்றிய பிறகும் ஷூவின் முகப்பில் தெரியும். அதனால்தான் அவருக்கு க்யூர் முக்கியம். நான் பட்டைக் கதை சொல்லிவிட்டேன்.

அடுத்தது ஆடு மாடாக வளர்ந்த கதை. மாடு, எருமை போன்ற பெரிய உருவத்தின் தோல் ஹைட். ஆடு, செம்மறி, கன்று போன்ற சின்ன உருவத்தின் தோல் ஸ்கின். வெள்ளாட்டுத் தோல் ஒன்று நாலைந்து சதுர அடி தேறும். மாட்டுத்தோல் அதைப்போல மூன்று நாலு மடங்கு. பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறவர்களிடம் போய் 'கோட் ஹைட்' என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இரண்டுக்கும் இடையில் கிப் என்று ஒன்று இருக்கிறது. சின்ன மாட்டின் தோல். அந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன பட்டைத் தோலுக்கு ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்றே உலகச் சந்தையில் பெயர் இருந்தது.

ஹைட் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஸ்கின் கடல் கடந்து வந்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. வந்த சொல் சும்மா உட்காரவில்லை. மனிதத் தோலையும் ஆட்டுத்தோலையும் பழத்தோலையும் தன் பேரில் எழுதிக்கொண்டு, மாட்டுத்தோலை மட்டும் பழையவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டது. மனிதனுக்கு ஹைட் என்று சொன்னால் வசவாகிவிடும், இல்லாவிட்டால் கேலி.

பெல்ட் என்று இன்னொரு சொல் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இடுப்பில் கட்டுவது வேறு, இது வல்லின 'ப'கரத்தில் தொடங்குவது. கம்பளி ரோம வியாபாரி சொன்னால் ரோமத்தோடு இருக்கிற தோல். டேனரிக்காரர் சொன்னால் சுண்ணாம்புக் குழியில் போட்டு ரோமத்தை எடுத்த பிறகு, பதனிடுவதற்கு முன் இருக்கிற வெறும் தோல். ஒரே சொல், ஒருவருக்கு முடி உண்டு, ஒருவருக்கு முடி இல்லை! ஸ்வேட், நியூபக் இரண்டும் கைக்கு வெல்வெட் மாதிரி இருப்பதால் கடைக்காரர்களே குழம்புவார்கள். சதைப்பக்கத்தைத் தேய்த்து எடுத்தால் ஸ்வேட். ரோமம் இருந்த மேல்பக்கத்தை மெல்லத் தேய்த்தால் நியூபக். செருப்புக் கடையில் நாம் கேட்கிற 'ஒரிஜினல் லெதரா?' என்பதும் தப்புதான். அங்கே ஜென்யூன் என்று வர வேண்டும். ஒரிஜினல் என்றால் முதன்முதல் பிரதி. அதற்கு எதிர் நகல். ஜென்யூன் என்றால் அசல் சரக்கு. அதற்கு எதிர் போலி. உங்கள் டிகிரி சர்டிபிகேட்டின் ஜெராக்ஸ் ஒரிஜினல் இல்லை, ஆனால் ஜென்யூன். தேர்வில் இந்த ஒன்று வந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வேலூருக்கு வாருங்கள். அதே க்யூர் அங்கே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறது, முற்றிலும் வேறு முகத்தோடு. லத்தீனில் கூரா என்றால் கவனிப்பு, பராமரிப்பு. அந்த ஒரே வேரிலிருந்துதான் தோலுக்கு உப்பு போடுவதும் வந்தது, நோயைத் தீர்ப்பதும் வந்தது. தோலில் க்யூர் என்றால் தற்காலிகம். ஆஸ்பத்திரியில் க்யூர் என்றால் நோய் போயே போய்விட்டது.

அப்படிப் போகாமல் கட்டுக்குள் வைத்திருந்தால்? அதுதான் ட்ரீட். நம் வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ பிரஷரோ இருக்கும். பத்து வருஷமாக மாத்திரை போகிறது. அவர் ட்ரீட் செய்யப்படுகிறார், க்யூர் ஆகவில்லை. டாக்டர் 'வீ கேன் ட்ரீட் இட்' என்று சொன்னதை 'குணப்படுத்திடலாம்னு சொல்லிட்டாரு' என்று மொழிபெயர்த்து, இரண்டு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்றாம் மாதம் மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ட்ரீட் என்றால் 'வைத்தியம் பார்க்கலாம்' என்பதோடு நிறுத்த வேண்டும். தமிழில் வைத்தியம் பார், குணமாக்கு என்று இரண்டு சொல் தெளிவாக இருக்கிறது. அவசரத்தில் நாம்தான் இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறோம்.

ஹீல் மூன்றாவது. ட்ரீட் செய்வது டாக்டர், க்யூர் செய்வது மருந்து, ஹீல் ஆவது உடம்பு. புண் தானாக ஆறுவது, எலும்பு கூடுவது, மனக்காயம் ஆறுவது எல்லாம் ஹீல். முழுமை என்று பொருள்படுகிற ஹோல் என்ற சொல்லும் ஹெல்த்தும் இதற்குச் சொந்தக்காரர்கள். 'ஆறு' என்ற நம் வினைச்சொல் இதற்கு அச்சாகப் பொருந்தும். காய்ச்சல் ஆறியது என்று நாம் சொல்ல மாட்டோம், புண் ஆறியது என்போம். அவர்களும் அப்படியே, ஃபீவர் ஹீல் ஆகாது.

இந்த மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் வேலூர்ப் பக்கத்திலிருக்கிற நம் கரிகிரிதான் இடம். தொழுநோய்க்கென்று 1950-களில் தொடங்கிய மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கின்றன. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் என்ற மருந்துகள். இன்றைய கணக்கில் ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம். முடித்தால் கிருமி ஒழிந்துவிடும். ஆக நோய் க்யூர். ஆனால் அதற்குள் நரம்பு செத்துப்போன விரல் மடங்கியது மடங்கியபடி இருக்கும். மரத்துப்போன பாதத்தில் முள் குத்தி உண்டான புண் ஹீல் ஆகாமல் இருக்கும். நோய் தீர்ந்தவர், ஆனால் காயம் ஆறாதவர். அரசுத் திட்டத்தில் மருந்து முடித்தவரைப் பற்றி எழுதும் சொற்றொடரே 'ரிலீஸ்ட் ஃப்ரம் ட்ரீட்மென்ட்' என்பது. ட்ரீட்மென்டிலிருந்து விடுவித்தோம் என்று மட்டும் எழுதி, மற்ற இரண்டைப் பற்றி வாயே திறக்காத கவனமான ஆங்கிலம்.

பெயின், ஏக், ஹர்ட் பற்றியும் இதோடு சொல்லிவிடலாம். ஏக் என்பது விடாமல் முணுமுணுக்கிற வலி: தலை, பல், வயிறு, முதுகு. ஹர்ட் என்பது அடிபடுவதும் வலிப்பதும் சேர்ந்தது, மனசுக்கும் செல்லும். பெயின் எல்லாவற்றுக்கும் பொது. சுதந்திரம் வந்த காலத்தில் வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட் என்பவரின் பெரிய கண்டுபிடிப்பே இந்தச் சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. தொழுநோயாளியின் விரல் தேய்ந்துபோவது நோய் தின்பதால் இல்லை. பெயின் இல்லாததால் ஹர்ட் ஆவது தெரியாமல் அவரே சூட்டிலும் முள்ளிலும் கையைக் கொடுத்துவிடுவதால்தான் என்று அவர் காட்டினார். இரண்டையும் 'வலி' என்று மொழிபெயர்த்தால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது. ஹர்ட்டுக்கு அந்த இடத்தில் 'காயம்' என்று போட வேண்டும்.

இனி டவுட், சஸ்பெக்ட். என் அனுபவத்தில் தமிழர்கள் செய்கிற ஆங்கிலத் தப்புகளில் இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் தலைகீழாகப் போய்விடும்.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குக் கழுத்தில் கட்டி. உள்ளூர் டாக்டர் டி.பி.யாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு வேலூருக்குப் போகச் சொன்னார். அக்காவின் பையன் பி.காம். முடித்தவன், கெட்டிக்காரன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியட்டும் என்று ஒரு முழுத்தாளில் ஆங்கிலத்தில் விவரம் எழுதிக்கொண்டு வந்தான். துணைக்கு நானும் போயிருந்தேன். டாக்டர் வடநாட்டுப் பெண், தமிழ் அவ்வளவாக வராது. தாளைப் படித்தவர் நிமிர்ந்து, "டி.பி. இருக்காது என்று அந்த டாக்டர் எதை வைத்துச் சொன்னார்? ஏதாவது டெஸ்ட் எடுத்தாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பையன் முழித்தான். "இருக்காதுன்னு சொல்லல மேடம், இருக்கும்னுதான்..." என்று இழுத்தான். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். 'லோக்கல் டாக்டர் டவுட்டட் டி.பி.' என்று எழுதியிருந்தது.

டவுட் என்றால் நம்பாமை, இராது என்று நினைப்பது. 'ஐ டவுட் இட்' என்றால் 'அப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை'. சஸ்பெக்ட் என்றால் இருக்கும் என்று நினைப்பது. 'ஐ சஸ்பெக்ட் இட்' என்றால் 'அதுவாகத்தான் இருக்கும் போலிருக்கிறது'. தமிழில் சந்தேகம் இரண்டு பக்கமும் சாயும். 'அவன் வருவானான்னு சந்தேகம்' என்றால் வர மாட்டான். 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்றால் எடுத்தவன் அவன்தான். முன்னது டவுட், பின்னது சஸ்பெக்ட். போலீஸ் ஸ்டேஷனில் சஸ்பெக்ட் என்று ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். டவுட் என்று யாரையும் உட்கார வைப்பதில்லை. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வகுப்பில் பிள்ளைகள் 'சார், ஒரு டவுட்' என்று கையைத் தூக்குவதும் இந்த வகைதான். புரியாததைக் கேட்பது கொஸ்சன். டவுட் என்றால், நான் சொல்வதை நீ நம்பவில்லை என்று ஆகிறது. ஆனாலும் இதை நான் திருத்துவதில்லை. நாடு முழுக்க அப்படித்தான் பேசுகிறார்கள். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதும்.

சைன், சிம்ப்டம் இரண்டையும் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. நோயாளி சொல்வது சிம்ப்டம், டாக்டர் பார்ப்பது சைன். தலை சுற்றுகிறது என்றால் சிம்ப்டம்; பிரஷர் கருவி காட்டுகிற எண் சைன்.

அந்த அக்காவுக்காக அலைந்த நாட்களில்தான் இன்னொரு வேடிக்கையும் பார்த்தேன். காட்பாடி ஜங்ஷன் வாசலில் ஒரு வங்காளிக் குடும்பம், நோயாளித் தாத்தாவும் நாலு பெட்டியும். 'ஹோட்டல், ஹோட்டல்' என்று கேட்டார்கள். ஆட்டோக்காரர் நல்ல மனிதர், பசியோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நேராக ஒரு பிரியாணிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பாடு, லாட்ஜ் என்றால் தங்குவது. ஆங்கிலத்தில் ஹோட்டல் என்பதே தங்குமிடம். சாப்பாட்டுக் கடை ரெஸ்டாரன்ட். மட்டனும் இதே கதை. இங்கிலாந்தில் மட்டன் என்றால் வளர்ந்த செம்மறியின் கறி, சொல்லே பிரெஞ்சில் செம்மறிக்குப் பெயர். நமக்கு வெள்ளாடும் மட்டன்தான். ஆம்பூர் பிரியாணி சாப்பிடும்போது இதையெல்லாம் யோசிக்க வேண்டாம்.

கோட்டைக்கு வருவோம். 1806 ஜூலை 10 விடியற்காலை அங்கே கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளை அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பியதை ஆங்கிலப் புத்தகங்கள் வேலூர் மியூட்டினி என்கின்றன. சொல்லிலக்கணப்படி சரியான சொல். மியூட்டினி என்பது பட்டாளத்துச் சிப்பாய்களோ கப்பல் ஆட்களோ தங்கள் மேலதிகாரிக்கு அடங்க மறுப்பது. சம்பளம் வாங்கி, ஒரு மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழே இருப்பவர்கள் மட்டுமே மியூட்டினி செய்ய முடியும். குடியாத்தத்து நெசவாளிகள் வரி கட்ட மறுத்துத் திரண்டால் அது மியூட்டினி ஆகாது, ரிவோல்ட். ரிவோல்ட்டே பெரிதாகி, ஆயுதம் ஏந்தி, அரசாங்கத்தையே எதிர்த்தால் ரெபெல்லியன். அது ஜெயித்து ஆட்சிமுறை மாறிப்போனால் ரெவல்யூஷன்.

இங்கே நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். மியூட்டினி என்றவுடன் சட்டப்படி அது குற்றம், தண்டனை மரணம் வரை போகும். 'ஏன் செய்தார்கள்' என்ற கேள்வி பின்னுக்குப் போய், 'கட்டளையை மீறினார்களா இல்லையா' என்பது முன்னுக்கு வந்துவிடுகிறது. ஆனால் காரணம்தான் அங்கே கனமானது. சென்னைப் படையின் தளபதி ஜான் க்ரடாக் காலத்தில் புதிய உடை விதி வந்தது. நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையில் செருகிய குஞ்சம் தோலால் ஆனது. இந்து, முஸ்லிம் இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் அந்தத் தோல் எந்த மிருகத்தினுடையதோ என்ற அருவருப்பு. ஹைட்டா ஸ்கின்னா என்ற கேள்விக்கு உயிர் போகிற கனம் இருந்த ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். அதோடு கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகன்கள் காவலில் இருந்தார்கள். அன்று மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கிவிட்டார். பிறகு உடை விதி ரத்தானது, க்ரடாக்கும் கவர்னர் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

மைசூர்க் கொடி ஏறிய நிமிஷத்தில் அது வெறும் மியூட்டினி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்பது என் அபிப்பிராயம். தமிழிலும் இந்த இழுபறி நடந்தது. நான் படித்த காலத்தில் 'வேலூர்க் கலகம்', என் பேரன் படிப்பது 'வேலூர்ப் புரட்சி'. புரட்சி என்பது ரெவல்யூஷனுக்கு நாம் வைத்திருக்கிற சொல். ஒரே நாளில் அடங்கியதற்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. எழுச்சி என்றால் அளவாக இருக்கும். தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள், என் பேச்சைக் கேட்டு மார்க்கை விட்டுவிடாதீர்கள்.

ஃபோர்ட், காஸில், பேலஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படை இருக்கக் கட்டியது ஃபோர்ட். பிரபு தன் குடும்பத்தோடு வசிக்கவும் தற்காத்துக்கொள்ளவும் சேர்த்துக் கட்டியது காஸில். பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாமல் வசிக்கக் கட்டியது பேலஸ்.

சட்டச் சொற்களை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் போட்டித் தேர்வு என்கிறீர்கள். நம் ஜில்லா பேரைச் சொல்லியே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அறுத்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்ட உப்பு என்று சொன்னேனே, டேனரியில் தோலை ஊறவைக்கும்போது அது அத்தனையும் கழிவுநீரில் கரைந்துவிடுகிறது. அதோடு குரோமியமும் சேர்ந்து பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. அதை எதிர்த்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நாங்கள் சம்பளம் வாங்கிய தொழிலைப் பற்றிய தீர்ப்பு என்பதால் ஆபீசில் எல்லோரும் வரிவரியாகப் படித்தோம்.

அதில் ப்ரிகாஷனரி பிரின்சிபிள் என்று ஒன்று வருகிறது. ப்ரிவென்ஷனும் ப்ரிகாஷனும் ஒன்றுதானே, இரண்டும் தடுப்பதுதானே என்று எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டார். இல்லை. கெடுதல் வரும் என்று உறுதியாகத் தெரிந்து தடுப்பது ப்ரிவென்ஷன். வருமா வராதா என்று உறுதியில்லாதபோதே எச்சரிக்கையாக நடந்துகொள்வது ப்ரிகாஷன். விஞ்ஞான ரீதியாக நிச்சயமில்லை என்பதைச் சாக்காகச் சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது என்று தீர்ப்பு சொன்னது. 'நிரூபிங்க பார்க்கலாம்' என்று அதுவரை ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னவர்கள், இனித் தாங்களே நிரூபிக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் சுமை தோள் மாறியது.

அதே தீர்ப்பில் டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் ஃபைன். அது போக, பாதிக்கப்பட்டவர்களுக்கு காம்பன்சேஷன். தப்புக்குத் தண்டமாகக் கட்டுவது ஃபைன். பட்டவருடைய நஷ்டத்தை ஈடுகட்டுவது காம்பன்சேஷன். ஃபைன் கட்டியாகிவிட்டது என்பதற்காக காம்பன்சேஷன் குறையாது. டேமேஜ் என்றால் சேதம். கடைசியில் 'ஸ்' சேர்ந்து டேமேஜஸ் ஆனால் கோர்ட்டில் கேட்கிற நஷ்டஈட்டுப் பணம். இதைப் பன்மை என்று நினைத்து 'பல சேதங்கள்' என்று மொழிபெயர்த்த வக்கீல் குமாஸ்தா ஒருவரை எனக்குத் தெரியும்.

கடைசியாக எம்ப்டி, வேகன்ட். இதற்கும் ஆள் தேடி வெளியே போக வேண்டாம். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் எம்ப்டி: குடம், பர்ஸ், பஸ். ஒருவர் வந்து அமர வேண்டிய இடம் ஆளில்லாமல் இருந்தால் வேகன்ட்: வேலை, நாற்காலி, லாட்ஜ் ரூம். கட்டிலும் பீரோவும் ஃபேனும் நிறைந்திருக்கிற ரூம்கூட வேகன்ட்டாக இருக்கலாம். அது எம்ப்டி இல்லை. சர்க்கார் ஆபீசில் 'போஸ்ட் எம்ப்டி' என்று யாரும் எழுதுவதில்லை.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப்பேச்சு உண்டு, உங்கள் பாட்டி சொல்லியிருப்பார்: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். பாலாற்றுக்கு இரண்டு சொல்லும் ஒட்டாது, அது ட்ரை. கோட்டையில் ராஜா இல்லையே தவிர மியூசியமும் ஆபீஸ்களும் இருக்கின்றன. எம்ப்டி என்று சொல்ல முடியாது, புது ராஜா வரப்போவதுமில்லை என்பதால் வேகன்ட்டும் சரிவராது. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில்தான் சரியான உதாரணம். கல்யாண மண்டபத்துத் தூண்களில் குதிரையும் யாளியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன; அதை எம்ப்டி என்று யார் சொல்ல முடியும்? கருவறையில் மட்டும் லிங்கம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வேகன்ட்டாக இருந்தது. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த வாரம் நானும் அப்பாவும் போனோம். கோட்டை வாசல் பாலம் வரைக்கும் வரிசை நின்றது.